ஆன்மிக ஆலோசனையில் இரு வழிகள்: ரோஜர்ஸும் ஃபிராங்க்லும்

இறை நம்பிக்கை ஆட்டம் கண்டவர்களுக்கும் ஈடு செய்ய முடியாத இழப்பில் உழல்பவர்களுக்கும் துணை நிற்க முனையும் ஆலோசகர்முன் முக்கியமான இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வகுத்தது. மற்றது, வியன்னாவைச் சேர்ந்த மருத்துவர் விக்டர் ஃபிராங்க்லின் லோகோதெரபி, அதாவது வாழ்வின் பொருளைக் கண்டடையத் துணைசெய்யும் சிகிச்சை முறை. முதல் சில சந்திப்புகளுக்கேனும் ரோஜர்ஸின் வழியே பாதுகாப்பானது என்பது என் கருத்து.

நியூயார்க்கில் இறையியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ரோஜர்ஸ், குறிப்பிட்ட ஒரு கோட்பாட்டை நம்பியே தீர வேண்டிய தொழில் தமக்கு ஒத்துவராது என்று உளவியலுக்கு மாறியவர். அவருடைய முறையே பிற்காலத்தில் போதகர்களுக்கான ஆலோசனைப் பயிற்சியில் வேரூன்றியது ஒரு விந்தை. போலியின்மை, நிபந்தனையற்ற ஏற்பு, மற்றவர் உணர்வை அவர் நிலையிலிருந்தே உணரும் பரிவு ஆகிய மூன்றும் அதன் உயிர்நாடி. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருவர் "கடவுள் என்னைத் தண்டித்துவிட்டார்" என்று சொன்னால், இவ்வழியில் பயின்றவர் கடவுளுக்காக வாதாட மாட்டார். "அப்படியெல்லாம் நினைக்காதீர்கள்" என்று வாயடைக்கவும் மாட்டார். "நீங்கள் செய்த ஏதோ ஒன்றுக்காகத்தான் இது நடந்தது என்று உங்களுக்குப் படுகிறது" என்று, அவர் சொன்னதன் உட்பொருளை அவரிடமே எடுத்துச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். அதுவரை எவரிடமும் சொல்லாத குற்றவுணர்வு வெளிவர அந்த அவகாசம் தேவைப்படுகிறது. துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் "எல்லாம் விதி" என்று முதல் வாக்கியத்திலேயே முடித்துவைக்கும் பழக்கமுள்ள நமக்கு இது எளிதில் கைவராது.

இதற்கும் எல்லை உண்டு. 1957-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரோஜர்ஸுடன் உரையாடிய தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபர், உதவி நாடி வருபவரும் உதவுபவரும் சம தளத்தில் நிற்பதாகக் கொள்ள முடியாது என்று மறுத்தார். வந்தவர் சுற்றிச் சுற்றி அதே இடத்திலேயே நிற்கும்போது பூபரின் மறுப்பில் நியாயம் இருப்பது புரியும்.

அந்த இடத்தில்தான் ஃபிராங்க்ல் பயன்படுகிறார். ஆஷ்விட்ஸ் உள்ளிட்ட நாஜி முகாம்களிலிருந்து 1945-இல் மீண்ட அவர், வாழ்வின் பொருளைத் தேடுவதே மனிதனின் அடிப்படை உந்துதல் என்றார். மனைவி இறந்து இரண்டு ஆண்டுகளாகியும் தேறாத முதிய மருத்துவர் ஒருவரிடம், "நீங்கள் முதலில் இறந்திருந்தால் அவர் நிலை என்னவாகியிருக்கும்?" என்று கேட்டார். அவள் மிகவும் துடித்திருப்பாள் என்றார் மருத்துவர். "அந்த வேதனையிலிருந்து அவரைக் காத்தவர் நீங்கள்தான். அதற்கு நீங்கள் கொடுக்கும் விலைதான் இந்தத் துயரம்" என்று ஃபிராங்க்ல் விளக்க, முதியவர் கைகுலுக்கிவிட்டு அமைதியாக விடைபெற்றார்.

கேள்வி அருமையானது, ஆனால் விளக்கம் ஆலோசகருடையது. லோகோதெரபி அதிகாரத் தொனியை நெருங்குகிறது என்று அமெரிக்க உளவியலாளர் ரோலோ மே குறை கூறியது இப்படிப்பட்ட இடங்களுக்குப் பொருந்தும். மேலும், இரண்டு ஆண்டுகள் கழித்துக் கேட்கப்பட்டதால் மருந்தான கேள்வி, இழப்பு நேர்ந்த முதல் வாரத்தில் கேட்கப்பட்டிருந்தால் கொடுமையாகியிருக்கும். மாறாக, தீராத நோயில் நாட்களை எண்ணிக்கொண்டிருப்பவர் "இனி நான் எதற்கு?" என்று தாமே கேட்கும்போது, அக்கேள்வியை வெறுமனே அவரிடமே திருப்புவது போதாது, அப்போது ஃபிராங்க்லின் வழியைத் தயங்காமல் கைக்கொள்ளலாம்.