சிம் லிம் ஸ்குவேருக்குக் கிளம்புமுன்: கணினியோடு வரும் டிஸ்க் கருவிகளை எதுவரை நம்பலாம்?

வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் விளக்கு எரிகிறது, உள்ளே சுழலும் சத்தமும் கேட்கிறது. ஆனால் ஃபைல் எக்ஸ்புளோரரில் எதையும் காணோம். சிங்கப்பூரில் இப்படி ஆனால் பலரும் டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு ரோச்சோர் பக்கம், கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குக் கிளம்பிவிடுவார்கள். கிளம்புமுன் விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்டை ஒருமுறை திறந்து பாருங்கள். டிஸ்க்கைப் பகுதிகளாக (பார்ட்டிஷன்) பிரிக்கக் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் செய்யும் வேலையில் பெரும்பகுதியை இது செய்துவிடும். எங்கே கைவைக்கக் கூடாது என்பதையும் இதுவே காட்டிக்கொடுக்கும்.

ஸ்டார்ட் பொத்தானை வலது சொடுக்கினால் வரும் பட்டியலில் இது இருக்கும். திரையின் கீழ்ப்பாதியில் ஒவ்வொரு டிஸ்க்கும் ஒரு நீண்ட பட்டையாகத் தெரியும். கருநீலப் பட்டை, உள்ளே என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் சிஸ்டத்தின் (ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையின்) பெயர், ஆனால் டிரைவ் எழுத்து மட்டும் இல்லை என்றால் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது சொடுக்கி, டிரைவ் எழுத்தை மாற்றும் வரியில் ஓர் எழுத்தைக் கொடுத்தால் ஃபைல்கள் வந்துவிடும். "ஆஃப்லைன்" என்று இருந்தால் இடப்பக்கப் பெட்டியை வலது சொடுக்கி ஆன்லைன் ஆக்குங்கள். நகலெடுத்த டிஸ்க்கையும் அசலையும் ஒரே கணினியில் செருகினால், இரண்டின் அடையாள எண்ணும் ஒன்றாக இருப்பதால் இப்படி ஆகும்.

பட்டை கருநீலமாகவே இருந்து ஃபைல் சிஸ்டம் இடத்தில் "ரா" (விண்டோஸுக்குப் புரியாதது) என்று வந்தால் கையை எடுத்துவிடுங்கள். முன்பு ஃபைல்கள் இருந்த இடம் கறுப்புப் பட்டையாக, "ஒதுக்கப்படாதது" என்று வந்தாலும் அப்படியே. "ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்று விண்டோஸ் கேட்கும் பெட்டியை ரத்து செய்யுங்கள். அந்த டிஸ்க் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மேக்கில் ஃபார்மட் செய்த டிஸ்க்கை விண்டோஸில் செருகினாலும் இதே பெட்டிதான் வரும். பிள்ளை கையில் மேக், அப்பா கையில் விண்டோஸ், வீட்டுக்கே ஒரு வெளி டிஸ்க் என்று இருக்கும் இடங்களில் நிறையப் படங்கள் இந்த ஒரு சொடுக்கில்தான் போகின்றன. பழைய டிஸ்க்குக்கு "இனிஷியலைஸ் செய்யவா" என்று கேட்டாலும் வேண்டாம். புது டிஸ்க்குக்குத்தான் அது, அங்கே பார்ட்டிஷன் பட்டியலை எழுதும் இரண்டு வகைகளில் ஜிபிடியைத் தேர்ந்தெடுங்கள். பழைய எம்பிஆர் வகை 2 டெராபைட்டுக்கு மேல் உள்ள இடத்தைத் தொடாது.

ஒரு பார்ட்டிஷனைச் சுருக்கி இன்னொன்று உண்டாக்குவதுதான் டிஸ்க் மேனேஜ்மென்டின் நல்ல பக்கம். சி டிரைவை வலது சொடுக்கி ஷ்ரிங்க் கொடுத்தால் மொத்த அளவு, சுருக்கக்கூடிய அளவு, சுருக்க வேண்டிய அளவு, மிஞ்சும் அளவு என்று 4 வரி கொண்ட ஒரு பெட்டி வரும். எல்லாமே மெகாபைட்டில் என்பதால் 100 ஜிபி வேண்டுமானால் 102400 என்று போட வேண்டும்.

இங்கேதான் பலரும் தடுமாறுவார்கள். டிஸ்க்கில் 300 ஜிபி காலியாக இருக்கும், சுருக்கக்கூடிய அளவோ 20 ஜிபிகூட இருக்காது. நகர்த்த முடியாத ஒரு ஃபைல் நடுவழியில் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். பேஜ்ஃபைல் (நினைவகத்துக்குத் துணையாக விண்டோஸ் வைத்திருப்பது), ஹைபர்னேஷன் ஃபைல் (கணினி உறங்கும்போது நினைவகத்தைச் சேமிப்பது), சிஸ்டம் ரீஸ்டோர் நகல்கள் மூன்றும் வழக்கமான ஆட்கள். எது தடுக்கிறது என்பதை, விண்டோஸில் நடப்பவற்றைப் பதிந்து காட்டும் ஈவென்ட் வியூவரின் அப்ளிகேஷன் பதிவில் 259 என்ற எண்ணில் பார்க்கலாம், ஃபைலின் பெயரையே எழுதி வைத்திருக்கும். ஹைபர்னேஷனையும் சிஸ்டம் புரொடெக்‌ஷனையும் நிறுத்துங்கள். பேஜ்ஃபைலைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயலுங்கள். வேலை முடிந்ததும் மூன்றையும் பழையபடி போட்டுவிட வேண்டும். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து பூட்டும் பிட்லாக்கர் இயங்கினால், தொடங்குமுன் அதன் 48 இலக்க மீட்புச் சாவி கையில் இருக்கிறதா என்று பார்த்து, அதை இடைநிறுத்துங்கள். விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால், உங்களிடம் கேட்காமலே டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம்.

பெரிதாக்குவதில் இந்தக் கருவி பின்தங்கிவிடுகிறது. காலி இடம் அந்தப் பார்ட்டிஷனுக்கு நேர் வலப்பக்கம் ஒட்டி இருந்தால்தான் எக்ஸ்டெண்ட் வரி உயிர்பெறும். சி டிரைவுக்கும் காலி இடத்துக்கும் நடுவே, விண்டோஸ் பழுதானால் மீட்க உதவும் ரெக்கவரி பார்ட்டிஷன் இருந்தால் வரி மங்கலாகவே கிடக்கும். டிஸ்க் மேனேஜ்மென்டால் பார்ட்டிஷனை நகர்த்தவே முடியாது. வெளி மென்பொருள் உண்மையாகவே தேவைப்படும் இடம் இது ஒன்றுதான் என்று சொல்லலாம். கட்டளை வழியாகவும் செய்யலாம் என்றாலும், ரெக்கவரி பார்ட்டிஷனை அழித்து மறுபடி கட்டுவது முதல்முறை செய்பவருக்கான வேலை இல்லை. 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், ரெக்கவரி பார்ட்டிஷனில் இடம் போதாமல் பல கணினிகளில் தோல்வியடைந்தது. அதை 250 எம்பி பெரிதாக்க மைக்ரோசாஃப்டே நீளமான கட்டளைப் பட்டியல் ஒன்றைக் கொடுக்க வேண்டியிருந்தது. சாதாரணப் பயனருக்கு இதற்கு ஒரு பொத்தான் வைத்திருக்கலாம்.

அடுத்தது கட்டளைச் சாளரத்தில் தட்டி இயக்கும் செக் டிஸ்க் (chkdsk). எல்லாரும் முதலில் ஓடும் கருவி, அதிகம் தவறாகப் பயன்படும் கருவியும் இதுதான். இது பழுதுபார்ப்பது ஃபைல் சிஸ்டத்தின் கணக்குப் புத்தகத்தை. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பதிவுகளை ஒன்றோடொன்று பொருந்த வைப்பதுதான் அதன் வேலை, உங்கள் படத்தையோ கணக்கையோ மீட்பது அல்ல. பொருந்தாததைத் துண்டித்துவிடும். துண்டித்தவை "ஃபவுண்ட் 000" என்ற மறைந்த ஃபோல்டரில் பெயரில்லாத துண்டுகளாகக் கிடக்கும்.

அதனால் ஓட்டுமுன் ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பதிவில் 3 எண்களைத் தேடுங்கள். 55 என்றால் ஃபைல் சிஸ்டம் குழம்பியிருக்கிறது, செக் டிஸ்க்குக்கு ஏற்ற நோய். 153 என்றால் படிக்கும் முயற்சியைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. முதலில் கேபிளை மாற்றுங்கள், ஹப்பை விட்டுவிட்டுக் கணினியின் யுஎஸ்பி துளையில் நேராகச் செருகுங்கள். 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குகளுக்கு ஹப்பிலிருந்து மின்சாரம் போதாமல் போவது சகஜம். 7 என்றால் டிஸ்க்கிலேயே கெட்ட பகுதி இருக்கிறது. அப்போது செக் டிஸ்க் பக்கமே போகாதீர்கள்.

காரணம் எளிது. செக் டிஸ்க் கட்டளையோடு ஸ்லாஷ் எஃப் (/f) போட்டால் பதிவுகளை மட்டும் சரிசெய்யும், சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஸ்லாஷ் ஆர் (/r) போட்டால் டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டரையும் (தரவு எழுதும் சிறு கட்டத்தையும்) படிக்கும். விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் ஓடும் நல்ல 4 டெராபைட் டிஸ்க்குக்கே 7 மணி நேரத்துக்கு மேல் ஆகும். தலை உரசத் தொடங்கிய டிஸ்க்கை ராத்திரி முழுக்க இப்படி ஓடவிட்டால் காலையில் அது திறக்காமலே போகலாம். முதலில் நகல், பிறகுதான் மற்றதெல்லாம். நகலெடுக்க ரோபோகாப்பி (robocopy) என்ற கட்டளை விண்டோஸிலேயே இருக்கிறது. ஆனால் அதன் இயல்பு அமைப்பில் ஒரு ஃபைல் படிக்க வராவிட்டால் 30 விநாடி இடைவெளியில் 10 லட்சம் முறை முயலும்! அந்தக் கட்டளையோடு ஸ்லாஷ் ஆர் கோலன் 1, ஸ்லாஷ் டபிள்யூ கோலன் 1 (/r:1 /w:1) என்று சேர்த்துவிடுங்கள். வராத ஃபைலை விட்டுவிட்டு வருகிறவற்றை முதலில் காப்பாற்றும். டிஸ்க்கே கடகடவென்று தட்டும் சத்தம் போட்டால் ரோபோகாப்பியும் வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் தரவு மீட்பவரிடம் கொண்டுபோவதுதான் சரி.

சி டிரைவில் சந்தேகம் என்றால் செக் டிஸ்க்கில் விண்டோஸ் 8 முதல் வந்த ஸ்லாஷ் ஸ்கேன் (/scan) நல்ல வழி. கணினியில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே சோதித்துவிடும். "ரா" டிரைவில் செக் டிஸ்க் ஓடவே ஓடாது.

கட்டளைச் சாளரத்தில் ஓடும் டிஸ்க்பார்ட் கூரான கத்தி. டிஸ்க் மேனேஜ்மென்ட் அழிக்க மறுக்கும் பென் டிரைவையும் சுத்தமாக்கிவிடும். லிஸ்ட் டிஸ்க் என்று தட்டினால் 0, 1, 2 என்ற எண், நிலை, அளவு போன்றவற்றைக் காட்டும், டிஸ்க்கின் பெயர் வராது. செலக்ட் டிஸ்க் 2 கொடுத்தபின் மறுபடி லிஸ்ட் டிஸ்க் தட்டி, நட்சத்திரக் குறி சரியான வரியில் நிற்கிறதா, அளவு பொருந்துகிறதா என்று பாருங்கள். டீடெய்ல் டிஸ்க் என்றால் தயாரிப்புப் பெயரும் வரும். அதன் பிறகே டிஸ்க்கைச் சுத்தமாக்கும் கிளீன் கட்டளை. "நிச்சயமா?" என்று அது கேட்காது, திரும்பப் பெறும் வழியும் இதில் இல்லை. ஒரே அளவில் இரண்டு டிஸ்க் இருந்தால் வேண்டாததைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இதைத் திறக்க வேண்டும்.

டிரைவ் ஆப்டிமைசரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஹார்ட் டிஸ்க்கை டீஃப்ராக் செய்யும், எஸ்எஸ்டிக்கு ட்ரிம் (எந்த இடம் இனித் தேவையில்லை என்ற தகவல்) அனுப்பும், வாரம் ஒருமுறை தானே ஓடும். தொடாமல் விட்டுவிடுங்கள்.

மேக்கின் டிஸ்க் யுடிலிட்டி பார்க்க அழகு, ஆனால் முக்கியமான ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறது. திறந்ததும் வால்யூம்கள் மட்டுமே தெரியும். வியூ பட்டியலில் எல்லாச் சாதனங்களையும் காட்டு என்று மாற்றினால்தான் சாதனம், அதற்குள் கன்டெய்னர், அதற்குள் வால்யூம் என்ற மூன்று அடுக்கும் வரும். சோதித்துப் பழுதுபார்க்கும் ஃபர்ஸ்ட் எய்டை அடியிலிருந்து மேலே ஓட்ட வேண்டும்: முதலில் ஒவ்வொரு வால்யூம், பிறகு கன்டெய்னர், கடைசியில் சாதனம். பென் டிரைவை அழிக்கும்போதும் மேலடுக்குச் சாதனத்தையே தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் ஜியுஐடி (ஜிபிடி) பார்ட்டிஷன் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் வரியே காட்டாது. தொடக்க டிஸ்க்கைச் சோதிக்கும்போது திரை சற்று உறைவது இயல்புதான், பயந்து அணைத்துவிடாதீர்கள். ரெக்கவரியிலிருந்து ஓட்டினால் இன்னும் நல்லது. ஆப்பிளின் சொந்தச் சில்லு உள்ள ஆப்பிள் சிலிக்கான் மேக் என்றால் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்துத் தொடங்குங்கள். ஃபைல்களை அழித்தும் இடம் கூடவில்லையா? மேக்ஓஎஸ் மான்டெரே பதிப்பு முதல் இதே வியூ பட்டியலில் ஏபிஎஃப்எஸ் ஸ்னாப்ஷாட்டுகளை (வால்யூமின் பழைய நிலையைக் காத்து வைக்கும் பதிவுகளை) பார்த்து நீக்கலாம். ஃபர்ஸ்ட் எய்ட் பழுதுபார்க்க முடியவில்லை என்று சொன்னால் அதையே ஐந்தாறு முறை ஓட்டிப் பயனில்லை. நகல் எடுத்து, அழித்து, மறுபடி ஏற்றுவதுதான் வழி.

விண்டோஸ், மேக் இரண்டுக்கும் பொதுவாக ஒரு டிஸ்க் வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட் போடுங்கள். என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக் படிக்கும், எழுதாது. ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைலை வைக்க முடியாது, கல்யாண வீடியோ அங்கேயே நின்றுவிடும். ஆனால் எக்ஸ்ஃபேட்டுக்கு ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) கிடையாது. எஜெக்ட் செய்யாமல் பிடுங்கினால் எளிதில் குழம்பிவிடும். அப்படிப் பிடுங்கிய பெரிய டிஸ்க்கை மேக்கில் திரும்பச் செருகினால் நெடுநேரம் திரையில் வராது. பின்னணியில் மேக் அதைச் சோதித்துக்கொண்டிருக்கும். ஆக்டிவிட்டி மானிட்டரில் எஃப்எஸ்சிகே என்று தொடங்கும் வேலை ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் காத்திருங்கள். மறுபடி பிடுங்கினால் கதை முதலிலிருந்து தொடங்கும்.

பழைய கணினியை மின்கழிவுப் பெட்டியில் போடுமுன்னும் இதே கருவிகள் போதும். ஹார்ட் டிஸ்க்கில் குயிக் ஃபார்மட் பெயர்ப்பட்டியலை மட்டும்தான் புதிதாக்கும், தரவு அப்படியே இருக்கும். முழு ஃபார்மட் அல்லது டிஸ்க்பார்ட்டின் கிளீன் ஆல் கொடுத்தால் கடைசி செக்டர் வரை பூஜ்யம் எழுதும், 1 டெராபைட்டுக்குச் சில மணி நேரம் ஆகும். எஸ்எஸ்டி உள்ள மடிக்கணினியில் பிட்லாக்கர் இயங்கும் நிலையில் ரீசெட்டில் டிரைவைச் சுத்தம் செய்யும் தேர்வைக் கொடுங்கள். மான்டெரே அல்லது அதற்குப் பிந்தைய மேக்கில், ஆப்பிள் சிலிக்கான் அல்லது டி2 சில்லு இருந்தால், எல்லா உள்ளடக்கத்தையும் அமைப்புகளையும் அழிக்கும் வரி, தரவைத் திறக்கும் என்கிரிப்ஷன் சாவியையே அழித்துவிடும், சில நிமிட வேலை. திறக்கவே மறுக்கும் ஹார்ட் டிஸ்க் என்றால் மென்பொருளை நம்பாதீர்கள். கழற்றி எடுத்துத் தட்டுகளில் துளை போட்டபின் கழிவுக்குக் கொடுங்கள்.