கப்பலூர் பட்டறையில் டிஎஸ்ஜி மாற்றம்: வேலை சுத்தம், பில் மங்கல்

மேனுவல் ஸ்கோடா லாரா 1.8 டிஎஸ்ஐ காரை 300 குதிரைத்திறனுக்கு ஏற்றிவிட்டு, மதுரை கோரிப்பாளையம் நெரிசலில் கிளட்ச் மிதித்தே அலுத்தவர்கள், டிஎஸ்ஜி எனும் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு மாற, தாராளமாக இந்தப் பட்டறைக்குப் போகலாம். 7 கியர் கொண்ட டிக்யூ200 வகை டிஎஸ்ஜியைக் கேட்டால் மறுத்துவிடுகிறார்கள். எண்ணெயில் மூழ்காத அந்த உலர் கிளட்ச் 250 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசைக்கானது. இவர்கள் பொருத்துவது கிளட்ச் எண்ணெயில் ஓடும் 6 கியர் டிக்யூ250தான். அதன் கம்பெனி வரம்பும் 350 நியூட்டன் மீட்டர்தான் என்பதால், பலப்படுத்திய கிளட்ச் பேக், கியர்பாக்ஸ் மென்பொருள் ட்யூன் இரண்டையும் சேர்த்தே பேசுங்கள்.

கியர்பாக்ஸ் மட்டும் வாங்கி வந்தால் போதாது. மெக்கட்ரானிக்ஸ் (கியரை மாற்றும் கட்டுப்பாட்டுப் பகுதி), டிஎஸ்ஜி ஃப்ளைவீல் (இன்ஜினோடு சுழலும் கனச் சக்கரம்), ஆக்ஸில், ஆயில் கூலர், கியர் லீவர், பிரேக் பெடல், வயரிங் எல்லாம் வேண்டும். பழைய மேனுவல் ஃப்ளைவீல் பொருந்தவே பொருந்தாது.

வயரிங்தான் இவர்களின் பலம். பி (பார்க்கிங்), என் (நியூட்ரல்) தவிர மற்ற நிலைகளில் ஸ்டார்ட் ஆகாதபடி இணைக்கிறார்கள். இதை விட்டால் கியரிலேயே ஸ்டார்ட் ஆகி வண்டி பாயக்கூடும். இன்ஜின் கணினியான இசியூவை ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஏற்பக் கோடிங் செய்து, கிளட்சின் பிடிப்பை கியர்பாக்ஸுக்குப் பழக்கும் பேசிக் செட்டிங்கும் ஓட்டித் தருகிறார்கள். அது இல்லாவிட்டால் முதல் கியரில் உதறும்.

குறை? மதிப்பீட்டில் ஆயில், ஃபில்டர், கூலர் ஹோஸ் இல்லை, பில்லில்தான் முளைக்கின்றன. கியர்பாக்ஸ் எண்ணெய் அளவை, அது 35–45 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும்போது உங்கள் கண்முன்னே பார்க்கச் சொல்லுங்கள். ஆர்டிஓ, இன்சூரன்ஸ் பற்றி வாயே திறப்பதில்லை, வாகனத்தில் செய்யும் மாற்றங்கள் பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள்.