பழைய எம்4 சாயல் .22 ரைஃபிள் வாங்கும் முன் சேம்பரைப் பாருங்கள்

அமெரிக்காவில் துப்பாக்கிக் கண்காட்சிகளில் பழைய .22 ரைஃபிள் தேடுகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். டெக்சாஸில் ஒரு கண்காட்சியில், அமெரிக்க ராணுவத்தின் எம்4 கார்பைனைப் போலவே இருக்கும் ரிம்ஃபயர் (தோட்டாவின் விளிம்பில் அடித்து வெடிக்கவைக்கும்) ரைஃபிள் ஒன்றை நண்பர் ஒருவர் தலையில் கட்டிவிட்டார்கள். "அதிகம் சுடாத துப்பாக்கி, ஏஆர்-15 பார்ட்ஸ் எல்லாம் அப்படியே பொருந்தும், எந்த .22 தோட்டா போட்டாலும் ஓடும்" என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். அவர் தனியாக வாங்கிய ட்ரிக்கர் செட்டும் ஹேண்ட்கார்டும் பொருந்தவில்லை. ரேஞ்சில் ஒவ்வொரு மேகசினிலும் சுட்ட தோட்டாவின் காலி ஓடு சேம்பரிலேயே (தோட்டா உட்காரும் பேரலின் பின்பகுதி) சிக்கி நின்றது. போய்க் கேட்டதற்கு, ரசீதில் இருந்த "உள்ளது உள்ளபடி" என்ற வரியை விற்றவர் காட்டினார். அத்தோடு கதவை மூடிவிட்டார்.

பார்ட்ஸ் பொருந்தும் என்ற பேச்சில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். உண்மையான எம்4-உம் அதன் பொதுமக்கள் வடிவமான ஏஆர்-15-உம் வாயு அழுத்தத்தில் இயங்குகின்றன. சுடும் கணத்தில் அவற்றின் போல்ட் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் துண்டு) பூட்டிக்கொண்டிருக்கும். .22 சாயல்கள் அநேகமாக எல்லாமே ப்ளோபேக். பூட்டு கிடையாது, போல்டின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே தோட்டாவின் ஓட்டைப் பிடித்து வைக்கின்றன. பேரலும் போல்டும் ஒன்றுக்கொன்று மாறவே மாறாது.

கோல்ட் எம்4 .22-இல் கோல்ட் முத்திரை இருக்கும். ஆனால் அது உரிமம் பெற்று ஜெர்மனியில் வால்தர் செய்தது, உமாரெக்ஸ் வழியாக விற்பனைக்கு வந்தது. ரிசீவர் (போல்டும் ட்ரிக்கரும் உள்ளே இருக்கும் உடல் பகுதி) உலோகம்தான், ட்ரிக்கர் அமைப்போ அதற்கே உரியது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம்&பி15-22 (2009) மேல், கீழ் ரிசீவர்கள் இரண்டுமே பாலிமர்; ஆனாலும் பெரும்பாலான ஏஆர் ட்ரிக்கர்களும் கைப்பிடிகளும் இதில் உட்காரும். மாஸ்பெர்க் 715டி என்பது 702 ப்ளிங்க்ஸ்டர் என்ற .22 ரைஃபிளுக்கு ஏஆர் வடிவப் பிளாஸ்டிக் கூட்டை இரண்டு பாதியாக மாட்டியது. உள்ளே சுத்தம் செய்ய ஒவ்வொரு முறையும் அத்தனை திருகுகளையும் கழற்ற வேண்டும். ரூகர் எஸ்ஆர்-22 ரைஃபிளுக்குள் இருப்பது 1964 முதல் வந்துகொண்டிருக்கும் 10/22 என்ற ரூகர் .22 ரைஃபிள். அதன் ட்ரிக்கரும் சுழல் மேகசினும் எளிதில் கிடைக்கும். பார்ட்ஸ் மாற்றிப் பார்க்கும் ஆசை இருந்தால் எம்&பி, நீண்ட நாள் உழைக்க வேண்டுமென்றால் 10/22 குடும்பம். எங்கள் பரிந்துரை இவ்வளவுதான். மேகசின்களும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு என்பதால், பழையதை வாங்கும்போதே கூடுதலாக ஒன்று கேட்டு வாங்குங்கள்.

இனி அந்த ஓடு சிக்கிய கதை. ரிம்ஃபயரில் ஃபயரிங் பின் அடிப்பது தோட்டாவின் விளிம்பை. தோட்டா இல்லாமல் வெறுமனே தட்டிக்கொண்டே இருந்தால், சில மாடல்களில் பின் நேராகச் சேம்பர் வாயின் ஓரத்தை இடிக்கும். அங்கே ஒரு பள்ளம் விழும், பிதுங்கிய உலோகம் சேம்பருக்குள் தள்ளும். சுட்டதும் விரிந்த ஓடு அந்த மேட்டில் மாட்டிக்கொள்ளும். எக்ஸ்ட்ராக்டர் (ஓட்டை வெளியே இழுக்கும் கொக்கி) எவ்வளவு இழுத்தாலும் வராது. பள்ளம் இருக்கும் இடத்தில் விளிம்புக்குத் தாங்கல் இல்லாததால் சில தோட்டாக்கள் வெடிக்காமலும் போகும். நண்பரின் ரைஃபிளைத் திறந்தபோது கண்ணுக்கே தெரிந்த பள்ளம் இது. பிதுங்கலைத் திருப்பி அழுத்தித் தேய்க்கும் கருவி கன்ஸ்மித்களிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்கள்) உண்டு. ஆழமாகப் போயிருந்தால் பேரலையே மாற்ற வேண்டியதுதான்.

பார்ப்பது எளிது. முதலில் மேகசினைக் கழற்றுங்கள், பிறகு போல்டை இழுத்துப் பிடித்து சேம்பர் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். சிறு டார்ச் அடித்துச் சேம்பர் வாயைப் பாருங்கள், ஓரத்தில் ஒரு பல்குத்தியை ஓட்டிப் பாருங்கள், தட்டுப்பட்டால் வேண்டாம். சுட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் வெளியே விழும் ஓடுகளைப் பொறுக்கிப் பாருங்கள். விளிம்புக்கு மேலே ஒரு பக்கம் உப்பியிருந்தால் போல்ட் முழுதாக மூடும் முன்பே வெடித்திருக்கிறது. முகத்துக்கு அருகில் நடக்கிற விஷயம் இது, பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் சுடாதீர்கள்.

எம்&பி15-22 வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். 2019 பிப்ரவரி 1-க்கு முன் செய்தவற்றுக்குக் கம்பெனியே பாதுகாப்பு அறிவிப்பு வெளியிட்டது. திரும்பி வந்த இரண்டு போல்ட்களில் தோட்டா விளிம்பு உட்காரும் குழி போதிய ஆழம் இல்லாமல் இருந்திருக்கிறது. அப்படியானால் போல்ட் மூடும்போதே விளிம்பு நசுங்கி, ட்ரிக்கரைத் தொடாமலே தோட்டா வெடிக்கலாம். பழைய ரைஃபிள் என்றால் போல்ட் பரிசோதிக்கப்பட்டதா என்று விற்பவரிடம் கேளுங்கள். தெளிவான பதில் இல்லையென்றால் சோதிக்காமல் ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள்.

எந்தத் தோட்டாவும் ஓடும் என்பதும் பொய். ப்ளோபேக் போல்டைப் பின்னுக்குத் தள்ள வேகம் வேண்டும். 40 கிரெய்ன் குண்டு எடையும் வினாடிக்கு 1235 அடி வேகமுள்ள சிசிஐ மினி-மேக் போன்றவை பெரும்பாலும் நன்றாக ஓடும். சுமார் 1070 அடி வேகத் தோட்டாக்களில் போல்ட் பாதி தூரம் போய்த் திரும்பி, காலி ஓட்டை, அது வெளியேறும் வாயிலிலேயே கடித்துக்கொள்ளும். மெழுகும் ஈயமும் சேரச் சேர இது இன்னும் மோசமாகும்.

சட்டத்தைப் பற்றிக் கண்காட்சி மேசையில் விற்பவர் சொல்வதை நம்பாதீர்கள். கலிஃபோர்னியாவின் அசால்ட் வெப்பன் (கட்டுப்படுத்தப்பட்ட துப்பாக்கி வகை) வரையறை சென்டர்ஃபயர் (தோட்டாவின் நடுவில் அடிக்கும்) ரைஃபிள்களைப் பற்றியது. நியூயார்க்கின் 2013 சட்டத்தில் ரிம்ஃபயருக்கு அப்படி விலக்கு இல்லை. கழற்றும் மேகசினோடு பிஸ்டல் கிரிப் இருந்தாலே அங்கே சிக்கல். இரண்டு மாநிலங்களிலும் 25 தோட்டா மேகசினை வாங்க முடியாது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம்.

ஆன்லைனில் வாங்கி உள்ளூர் டீலர் வழியாக எடுப்பவர்கள், 4473 படிவத்தை (டீலரிடம் துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் மத்திய அரசுப் படிவம்) நிரப்புவதற்கு முன்பே அவர் கவுன்ட்டரில் வைத்துச் சேம்பரையும் போல்டையும் பார்த்துவிடுங்கள். அந்த நிலையில் வேண்டாமென்றால் டீலர் அனுப்பியவருக்கே திருப்பி அனுப்ப முடியும். உங்கள் பெயருக்கு மாறிவிட்டால் பழைய துப்பாக்கியைத் திரும்ப எடுத்துக்கொள்ள அநேகமாக யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.