பாய்வதா, பூட்டுவதா? மலேசிய ஹாக்கி அணிக்கு எந்த ஆட்டம் சரி

2000 சிட்னிக்குப் பிறகு மலேசிய ஆண்கள் ஹாக்கி அணி ஒலிம்பிக் வாசலை மிதிக்கவில்லை. ஏதென்ஸ், பெய்ஜிங், லண்டன், ரியோ, தோக்கியோ, பாரிஸ் என ஆறு முறை வெளியில் நின்று பார்த்தாயிற்று. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் பயிற்றுநர் மாறுவார், நாளிதழில் 'மறுகட்டமைப்பு' என்று தலைப்பு வரும், முகாமுக்கு நாலைந்து புதுப் பையன்கள் வருவார்கள். யார் ஆடுவது என்று ஊரே பேசும். எப்படி ஆடுவது என்ற பேச்சு மட்டும் அதிகாரிகள் வாயில் வராது.

அந்தப் பேச்சு மாமாக் கடையில், அதாவது நம் ஊர் டீக்கடையில்தான் நடக்கிறது. புக்கிட் ஜாலில் அரங்கில் ஆட்டம் முடிந்து, தே தாரிக் மேசைக்கு வந்ததும் மூன்று கட்சிகள் பிரிந்துவிடும். பாய்ச்சல் கட்சிக்கு, அணியின் செல்லப்பெயரான ஸ்பீடி டைகர்ஸ் என்பதற்கேற்ப ஓடி, அடித்து, கோல் மேல் கோல் போட வேண்டும். பூட்டுக் கட்சிக்கு முதலில் நம் கோலை அடைக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். கார்னர் கட்சிக்கு, எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் பெனால்டி கார்னரில் பந்தை மட்டையால் இழுத்து வீசிக் கோல் போடும் நல்ல டிராக் ஃபிளிக்கர் ஒருவர் இருந்தால் போதும். என் ஓட்டு பூட்டுக்கு. ஆனால் பாய்ச்சல் கட்சியின் வழக்கு லேசுப்பட்டதல்ல என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் பையன்களின் பலம் மணிக்கட்டும் கால்வேகமும். ஓரத்தில் பந்தை வாங்கி, ஒரு சின்ன வெட்டில் எதிராளியைத் தாண்டி, கோல் முன்னால் இருக்கும் வட்டத்துக்குள் நுழையும் ஆட்டக்காரர்கள் நமக்கு எப்போதும் கிடைத்து வந்திருக்கிறார்கள். புழுக்கமான மாலையில், தண்ணீர் தெளித்த நீலத் திடலில், ஐரோப்பியர்கள் மூச்சு வாங்கும்போது இவர்கள் இன்னொரு ஓட்டம் ஓடுவார்கள். 2023-இல் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை அரையிறுதியில் தென்கொரியாவை 6-2 என்று கிழித்தது இந்த ஆட்டம்தான். அதைப் பார்த்தவர்களிடம் போய் 'தற்காத்து ஆடுவோம்' என்றால் சிரிப்பார்கள். அரங்குக்கு ஆள் வருவதும் இந்த ஆட்டத்துக்காகத்தான். 0-0 பார்க்க யார் டிக்கெட் வாங்குவார்?

சரி, இப்போது அதே போட்டியின் இறுதியாட்டத்துக்கு வருவோம். ஆகஸ்ட் 12, எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கம், எதிரே இந்தியா. லீக் சுற்றில் இதே இந்தியாவிடம் 0-5 வாங்கியிருந்தோம். இறுதியாட்டத்திலும் இந்தியாதான் முதல் கோல் அடித்தது. பிறகு அஸ்ராய், ராஸி ரஹிம், அமினுடின் என்று மூன்று பேர் அடித்து, இடைவேளைக்கு 3-1 என்று போனோம். கோலாலம்பூர் தமிழர்களுக்கு அந்த ராத்திரி ஒரு தனி வேடிக்கை. சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் கிண்டல் அனுப்ப இப்படி ஒரு வாய்ப்பு எப்போது கிடைக்கும்? நானும் அனுப்பினேன்.

நாலு பகுதிகளில் மூன்றாவது முடியப் போகிறது, இன்னும் 3-1. அந்தப் பகுதியின் கடைசி நிமிடத்தில் ஹர்மன்பிரீத் ஒன்று அடித்தார். மறுபடி பந்து நடுவுக்கு வந்து, ஆட்டம் தொடங்கி, பகுதி முடிவதற்குள் குர்ஜந்த் இன்னொன்று அடித்தார். ஒரே நிமிடத்தில் 3-3. 56-ஆவது நிமிடத்தில் ஆகாஷ்தீப் நாலாவதைப் போட்டுக் கதையை முடித்தார். கவனிக்க வேண்டியது அந்த இரண்டாவது கோல். ஒரு கோல் வாங்கிய கையோடு, பகுதி முடிய சில வினாடிகள் இருக்கும்போது, ஓர் அணி என்ன செய்ய வேண்டும்? பந்தைப் பின்னால் தட்டி, ஓரக் கோட்டுப் பக்கம் கொண்டுபோய், எதிராளியின் காலில் பட்டு வெளியே போகும்படி ஆடி, மணி அடிக்கும் வரை ஒப்பேற்ற வேண்டும். ஓய்வில் பயிற்றுநரிடம் திட்டு வாங்கிக்கொள்ளலாம். பதட்டத்தில் நடுவில் இடம் விட்டுக்கொடுக்கும் அணிக்கு அந்தச் சில வினாடிகள்கூட ரொம்ப நீளம்.

ஒரே ஒரு ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதலாமா என்று கேட்கலாம். அதற்கு ஐந்து வருடம் முன்னால் ஜகார்த்தாவுக்குப் போங்கள். 2018 ஆசிய விளையாட்டு அரையிறுதியில் இந்தியாவை ஷூட்அவுட்டில் வீழ்த்தினோம். கோலில் எஸ். குமார் நின்றார். இறுதியாட்டம் ஜப்பானுடன். ஜெயித்தால் தங்கம் மட்டுமல்ல, தோக்கியோ ஒலிம்பிக்குக்கு நேரடி டிக்கெட். ஆறு கோல் அடித்தோம். எந்த அணியும் ஓர் இறுதியாட்டத்தில் ஆறு கோல் அடித்துவிட்டுத் தோற்பது அபூர்வம். கடைசி நிமிடத்தில் ஜப்பான் 6-6 ஆக்கியது, ஷூட்அவுட்டில் 3-1 என்று தங்கத்தை எடுத்துக்கொண்டு போனது. பிறகு 2023 உலகக் கோப்பை. நியூசிலாந்தையும் சிலியையும் வென்று, காலிறுதிக்கான ஆட்டத்தில் ஸ்பெயினுடன் 2-2. மறுபடி ஷூட்அவுட், மறுபடி தோல்வி.

இன்னும் பின்னால் போனால் 1975. கோலாலம்பூர் உலகக் கோப்பை அரையிறுதி. அந்தக் காலத்து ஆட்களிடம் இதைப் பற்றிக் கேட்டுவிட்டு வேறு வேலைக்குப் போக முடியாது. இந்தியாவுக்கு எதிராக 2-1 என்று முன்னிலை. ஆட்டம் முடியும் தறுவாயில், உள்ளே இறக்கிவிடப்பட்ட அஸ்லாம் ஷேர் கான் பெனால்டி கார்னரில் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் அடித்த கோலில் இந்தியா இறுதிக்குப் போய், கோப்பையையும் தூக்கியது. நாம் நாலாவது. இன்றைக்கு வரை அதுதான் நமது உச்சம்.

செந்தூலில் ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இந்த ஆட்டத்தை நேரில் பார்த்தவர். "அஞ்சு நிமிஷம் தாக்குப் பிடிச்சிருந்தா ஃபைனல், தம்பி" என்று ஆரம்பிப்பார். ஆனால் அவர் எடுக்கும் முடிவு எனக்கு நேர் எதிர். பின்வாங்கி நின்றதால்தான் கார்னர் கொடுத்தோம், மூணாவது கோலுக்குப் போயிருக்க வேண்டும் என்பார். அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. திட்டமில்லாமல் பின்வாங்குவது தற்காப்பு இல்லை, பயம். பூட்டுக் கட்சிக்காரர்கள் பலர் இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அவருக்கு இன்னொரு துருப்புச் சீட்டும் உண்டு. நாம் தோற்ற மற்ற இறுதியாட்டங்களைப் பாருங்கள்: 2010 குவாங்சோவில் பாகிஸ்தானிடம் 0-2, 2017 டாக்காவில் இந்தியாவிடம் 1-2, 2022 ஜகார்த்தாவில் கொரியாவிடம் 1-2. மூன்றிலும் சேர்த்து நாம் அடித்தது இரண்டே கோல். அடிக்காமல் எப்படி ஜெயிப்பது?

நல்ல கேள்வி. ஆனால் ஆறு அடித்தும் தோற்றோம், மூன்று அடித்தும் தோற்றோம், ஒன்று அடித்தும் தோற்றோம். அடித்த கணக்கு மாறிக்கொண்டே இருக்கிறது, முடிவு மாறவில்லை. அதனால்தான் நான் மறுபக்கத்தைப் பார்க்கிறேன்.

பூட்டு ஆட்டம் என்றால் பதினொரு பேரும் வட்டத்துக்குள் கூட்டமாக நிற்பது என்று நினைக்க வேண்டாம். எதிராளியின் பின்வரிசை பந்தை வைத்துக்கொண்டு தங்களுக்குள் தட்டிக்கொள்ளட்டும், நம் முன்வரிசை நடுக்கோடு வரை இறங்கி நிற்கும். நடுப்பாதை அடைபட்டிருக்கும். வேறு வழியில்லாமல் பந்து ஓரத்துக்குப் போகும். அங்கே கோடே நமக்கு ஒரு கூடுதல் ஆள். இருவர் சேர்ந்து நெருக்கினால் பந்து கைக்கு வரும். அந்த நொடியில் எதிரணியின் பாதி ஆட்கள் நம் பக்கம் இருப்பார்கள், அவர்கள் பக்கம் காலியாகக் கிடக்கும். அங்கேதான் நம் வேகம் வேண்டும். வேகத்தை அறுபது நிமிடமும் கொட்டாமல், இடம் திறந்த பிறகு செலவழிப்பது. அண்ணனுக்கு நான் சொல்வதும் இதுதான்: பாய்ச்சலை யாரும் பிடுங்கவில்லை, நேரம்தான் மாறுகிறது.

இதற்குச் சாட்சி வேண்டுமென்றால் தென்னாப்பிரிக்காவின் கிரெய்க் ஃபுல்டனின் பயணத்தைப் பாருங்கள். அவர் பயிற்றுவித்த அயர்லாந்து ஆண்கள் அணி 1908-க்குப் பிறகு முதல் முறையாக 2016-இல் ஒலிம்பிக் போனது. அதற்குப் பிறகு பெல்ஜியத்தின் பயிற்சிக் குழுவில் இருந்தார், அந்த அணி தோக்கியோவில் தங்கம் வென்றது. இந்தியாவுக்கு வந்து, தற்காத்து ஜெயிப்பது என்பதையே கொள்கையாக வைத்து, பாரிஸில் வெண்கலம் வாங்கிக் கொடுத்தார். பெல்ஜியமும் இந்தியாவும் பெரிய இடம், விட்டுவிடுவோம். நமக்கு உறைக்க வேண்டியது அயர்லாந்து. வேலைக்கும் கல்லூரிக்கும் போய்க்கொண்டே ஹாக்கி ஆடியவர்கள் நிறைந்த அணி அது. பணத்திலோ ஆள் பலத்திலோ அது நம்மைவிடப் பெரிய அணி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த வழிக்கு விலையும் உண்டு. முதலாவது, பொறுமை. முதல் வருடம் 1-1, 0-1 என்று போகும், 'இதற்கா இவ்வளவு சம்பளம்' என்று நாளிதழ் எழுதும். சீ விளையாட்டில், அதாவது தென்கிழக்காசிய விளையாட்டில், சின்ன அணிகளை இரட்டை இலக்கத்தில் அடித்துப் பழகிய நமக்கு அது ஜீரணமாகாது. இரண்டாவது, ஆள். இப்படி நெருக்கி ஆடினால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஆட்டக்காரரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 18 பேரில் கடைசி ஆளும் முதல் ஆள் அளவுக்குத் திட்டம் தெரிந்தவராக இருக்க வேண்டும். நம்மிடம் முதல் எட்டுப் பேருக்கும் கடைசி எட்டுப் பேருக்கும் நடுவே பெரிய பள்ளம். மூன்றாவது, கோல்கீப்பர். முந்நூறு ஆட்டங்களுக்கு மேல் நின்ற குமாருக்குப் பிறகு, அந்த இடத்தைப் பார்த்ததும் வயிறு கலங்காத நிலை இன்னும் வரவில்லை.

கார்னர் கட்சியை நான் அதிகம் இழுக்கப் போவதில்லை. ராஸி ரஹிமும் ஃபைசால் சாரியும் நமக்குக் கொடுத்த கோல்களை மறக்க முடியாது. கொரியா ஜாங் ஜோங் ஹியூன் ஒருவரை நம்பிப் பல வருடம் வண்டி ஓட்டியது. ஆனால் கார்னர் ஒரு கருவி. அதைச் சம்பாதிக்க வட்டத்துக்குள் நுழைய வேண்டும், நுழைய ஒரு ஆட்டமுறை வேண்டும். தவிர, இப்போது முகமூடியும் முழங்கால் கவசமும் மாட்டிக்கொண்டு கோல் கோட்டிலிருந்து முதலில் பாய்ந்து வருபவர் ஃபிளிக்கரின் கோணத்தையே அடைத்துவிடுகிறார். ஃபிளிக்கருக்குத் தசைப்பிடிப்பு வந்தால் அணியின் அடையாளமே பெஞ்சில் உட்கார்ந்துவிடும்.

'பழையவர்களை வீட்டுக்கு அனுப்பு, இளசுகளை இறக்கு' என்று நாலாவதாக ஒரு குரலும் கேட்கும். 2013 இளையோர் உலகக் கோப்பையில் நாலாவது இடம், 2018 இளையோர் ஒலிம்பிக்கில் ஐவர் ஹாக்கித் தங்கம் என்று அவர்கள் ஆதாரம் காட்டுவார்கள். ஐவர் ஹாக்கி சின்னத் திடல், வேறு ஆட்டம், அதை விட்டுவிடலாம். 2013 பையன்கள் நிஜமாகவே நல்லவர்கள், பலர் மூத்த அணிக்கும் வந்தார்கள். வந்து, ஏற்கெனவே இருந்த அதே ஆட்டத்தைத்தான் ஆடினார்கள். வயதை மாற்றுவது வேறு, ஆட்டத்தை மாற்றுவது வேறு. பெல்ஜியம் 1976-க்குப் பிறகு 2008-இல்தான் மறுபடி ஒலிம்பிக்குக்குள் வந்தது. அதிலிருந்து ரியோ வெள்ளி வரை எட்டு வருடம். இளையோர் அணியும் மூத்த அணியும் ஒரே முறையில் ஆடியதால் அந்த எட்டு வருடமும் வீணாகவில்லை.

ஆள் பள்ளம் என்று சொன்னேன் அல்லவா, அங்கே நம் வீட்டு விஷயம் ஒன்றும் வருகிறது. 1975 அணியில் மகேந்திரன், ஸ்ரீ சண்முகநாதன், பத்மராஜா, பாலசிங்கம் என்று தமிழ்ப் பெயர்கள் வரிசையாக இருந்தன. பக்கத்திலேயே பூன் ஃபூக் லோக், கைருடின் ஸைனால், மொஹிந்தர் சிங். ரயில்வே, போலீஸ், தோட்டப்புறம், ஆங்கிலப் பள்ளித் திடல் என்று பல வாசல்கள் வழியாக ஆட்கள் வந்தார்கள். இன்றைக்கு வாசல் அநேகமாக விளையாட்டுப் பள்ளிகள் மட்டும்தான். அந்தப் பள்ளிகளைக் குறை சொல்லவில்லை, அவை இல்லையென்றால் அணியே இல்லை. ஆனால் பதிமூன்று வயதில் தேர்வாகாத பையனுக்கு வேறு வழி எங்கே? செயற்கைத் திடல் உள்ள பள்ளிகள் குறைவு. நம் பெற்றோருக்கு டியூஷன் முடிந்த பிறகுதான் மற்றதெல்லாம். தமிழ்ப் பையன்களைக் காணோம் என்று உணர்ச்சிவசப்பட்டுப் பேசுவதைவிட, நாற்பது பேரில் 18 பேரைத் தேர்ந்தெடுக்கும் நாட்டால் மாற்றி மாற்றி ஆடும் ஆட்டத்தை ஆட முடியாது என்று கணக்காகப் பேசுவது எனக்குப் பிடிக்கும்.

பூட்டு ஆட்டத்துக்கு முகாம் போதாது, லீக்கும் உதவ வேண்டும். மலேசிய ஹாக்கி லீக் சில மாதங்களில் முடிந்துவிடும். கிளப்புக்கு அந்த வருடக் கோப்பை முக்கியம், அதனால் வெளிநாட்டு ஆட்டக்காரர்களை எடுக்கும். எடுப்பது எந்த இடங்களுக்கு? பெரும்பாலும் நடுவில் நின்று ஆட்டத்தை நிதானப்படுத்துகிற இடத்துக்கும், கார்னர் அடிக்கிற இடத்துக்கும். 3-2 முன்னிலையில் கடைசி ஐந்து நிமிடம் பந்தை வைத்திருக்கும் வேலையை வெளிநாட்டுக்காரர் செய்துவிடுகிறார். நம் பையன் அந்த நேரத்தில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறான். பிறகு தேசிய அணியில் அதே வேலையை அவனிடம் திடீரென்று கேட்கிறோம். வெளிநாட்டவரை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை, அவர்களிடம் கற்றுக்கொள்வதும் உண்டு. கடைசிப் பதினைந்து நிமிடத்தில் ஓர் அணிக்கு ஒரு வெளிநாட்டவர்தான் திடலில் நிற்கலாம் என்று ஒரே ஒரு விதியை அடுத்த சீசனில் போட்டுப் பார்க்கலாம். செலவில்லை, புதுத் திடல் வேண்டாம், புதுப் பயிற்றுநரும் வேண்டாம். கிளப்புகள் முதலில் கத்தும். செந்தூல் அண்ணனும் கத்துவார், அவருக்கு வெளிநாட்டுக்காரர்களின் ஆட்டம் ரொம்பப் பிடிக்கும்.