மாதச் சாமான்: ஸ்டோரா, மளிகைக் கடையா, பெரிய மார்க்கெட்டா?

ஒரே சிட்டையை மூன்று இடத்தில் கொடுத்தால் மூன்று தொகை வரும். யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. டிபார்ட்மென்டல் ஸ்டோர், தெருமுனை மளிகைக் கடை, காய், மீன் விற்கும் பெரிய மார்க்கெட் மூன்றும் லாபத்தை வெவ்வேறு சரக்கில் வைக்கின்றன. எந்தச் சரக்கில் எது விட்டுக்கொடுக்கிறது என்று பார்த்து சிட்டையை மூன்றாகப் பிரித்தால் புதுச்சேரியில் ஒரு நடுத்தர வீட்டின் மாதச் செலவு கைக்குள் நிற்கும். எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வாங்குவது வசதிதான். அந்த வசதிக்கும் சேர்த்தே பில் வருகிறது.

ஸ்டோரில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடியவை கம்பெனி சரக்குகள்: சோப்பு, பற்பசை, சலவைத்தூள், பிஸ்கட், சானிட்டரி நாப்கின். மொத்தமாக எடுப்பதால் எம்ஆர்பிக்குக் கீழே கொடுக்க அவர்களால் முடிகிறது. மளிகைக் கடையில் இவை பெரும்பாலும் அச்சிட்ட விலைக்கே கிடைக்கும். குறைத்துக் கேட்டால் அண்ணாச்சிக்கு உண்மையிலேயே கட்டுப்படியாகாது.

ஆனால் ஸ்டோரில் காசு கசியும் இடங்கள் உண்டு. முதலாவது, ஒரே பார்கோடுக்கு இரண்டு எம்ஆர்பி. பழைய சரக்கும் புதுச் சரக்கும் ஒரே அலமாரியில் இருக்கும்போது ஸ்கேன் செய்ததும் கணினி இரண்டு விலையையும் காட்டும், எது என்று பில் போடுபவர் தேர்ந்தெடுக்க வேண்டும். மாலை ஏழு மணிக் கூட்டத்தில் யாரும் பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியதே, அப்படி விலை மாறும் காலங்களில் இந்தக் குழப்பம் அதிகம். பில்லில் எம்ஆர்பி என்ற தனிக் கட்டம் இருந்தால் அதைப் பாக்கெட்டோடு ஒப்பிடுங்கள். கவுன்ட்டரை விட்டு நகரும் முன் சொன்னால் ஒரு நிமிடத்தில் திருத்திவிடுவார்கள். வீட்டுக்கு வந்து கண்டுபிடித்தால் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு மறுபடி போக வேண்டும்.

இரண்டாவது, முடிந்துபோன சலுகையின் அட்டை. சலுகை வார இறுதியோடு கணினியில் நின்றுவிடும், அலமாரியில் ஒட்டிய அட்டையை எடுக்க ஆள் வந்திருக்க மாட்டார். சலுகைக்காகவே ஒன்றை எடுத்தால் அதை டிராலியில் மேலாக வைத்து முதலில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். விலை குறையவில்லை என்றால் அங்கேயே வேண்டாம் என்று வைத்துவிடலாம். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் தேதியைப் பார்க்காமல் தொடாதீர்கள். பழைய சரக்கை முன்னால் தள்ளி, புதியதைப் பின்னால் அடுக்குவது கடை நிர்வாகத்தின் அடிப்படைப் பாடம். ரொட்டி, பால் பொருள், கோதுமை மாவு ஆகியவற்றுக்குக் கை பின்வரிசை வரை நீளலாம், தப்பில்லை.

மூன்றாவது, பெரிய பாக்கெட் மலிவு என்ற நம்பிக்கை. இதைச் சரிபார்க்கவே அலகு விலையை அச்சிட வேண்டும் என்று விதி வந்தது. ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் ஒரு கிராமின் விலையும், கூடிய பாக்கெட்டில் ஒரு கிலோவின் விலையும் இருக்கும். நல்ல விதிதான், ஆனால் அதில் ஒரு ஓட்டை: விலை இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கப்படுகிறது. உதாரணக் கணக்கு ஒன்று. 500 கிராம் 62 ரூபாய் என்றால் கிராம் 0.124. 200 கிராம் 23 ரூபாய் என்றால் கிராம் 0.115. இரண்டிலும் அச்சாவது 0.12தான். உண்மையில் கிலோ 124 ரூபாய்க்கும் 115 ரூபாய்க்கும் 9 ரூபாய் வித்தியாசம், அதுவும் சின்ன பாக்கெட்டே மலிவு. கைபேசியில் விலையைக் கிராமால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குங்கள், அச்சை நம்ப வேண்டாம். இன்ன அளவில்தான் பாக்கெட் போட வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடும் இப்போது இல்லை. ஒரு கிலோ என்று கை எடுப்பது 900 கிராமாக இருக்கலாம்.

காய்கறியை அள்ளிக்கொண்டு நேராகப் பில் கவுன்ட்டருக்குப் போய்விட்டு, எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டவில்லை என்று திரும்பி ஓடுவது தினமும் நடக்கும் காட்சி. உள்ளே நுழைந்ததும் காய்கறியை எடுத்து எடை போட்டுவிடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

இனி பருப்பு. சிட்டையின் எடை இங்கேதான் இருக்கிறது, மளிகைக் கடை ஜெயிப்பதும் இங்கேதான். நான்கு பேர் வீட்டுக்கு மாதம் துவரம்பருப்பு 2 கிலோ, உளுந்து ஒன்றரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஸ்டோர் தன் பெயரில் கட்டும் பாக்கெட்டில் இருக்கும் தேதி, கடையில் பொட்டலம் போட்ட தேதி. பருப்பு எப்போது உடைத்தது, மூட்டை எத்தனை மாதம் கிடங்கில் கிடந்தது என்பதை அது சொல்லாது. பழைய துவரம்பருப்பு குக்கரில் எத்தனை விசில் வைத்தாலும் மலராது. பழைய உளுந்தில் மாவு பொங்காது, ஒரு ஆழாக்கு கூடப் போட வேண்டியிருக்கும், இட்லியும் கல்லாகும். அப்போது ஸ்டோரில் கிலோவுக்கு 5 ரூபாய் மிச்சம் என்ற கணக்குக்கே அர்த்தம் இல்லை.

மளிகைக் கடையில், “அண்ணே, உளுந்து புதுசா? போன தடவை மாவு காணல” என்று கேட்கலாம். அவருக்கு எந்த மூட்டை எப்போது பிரித்தது என்று தெரியும். “இது வேணாம், நாளைக்கு வேற மூட்டை வருது” என்று சொல்லவும் செய்வார். மாதக் கணக்கு வைத்திருக்கும் வீட்டை இழக்க அவருக்கு மனம் வராது. வண்டு விழுந்த பருப்பைப் பாதிப் பொட்டலமாகக் கொண்டுபோனாலும் மாற்றித்தருவார். எந்த ஸ்டோரும் பிரித்த பாக்கெட்டை அவ்வளவு சுலபமாகத் திரும்ப வாங்காது. சிட்டை எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும். “எண்ணெய் 1” என்று எழுதினால் அவரிடம் இருப்பது வரும். பெயர், அளவு இரண்டையும் எழுதுங்கள், இல்லாதபோது வேறு போட வேண்டாம் என்பதையும் எழுதுங்கள். கணக்கு நோட்டு கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று இருக்கட்டும். சாமான் வந்த அன்றே இரண்டிலும் பதிந்தால் மாதக் கடைசியில் மனஸ்தாபம் வராது.

அரிசி மூட்டை ஏன் 26 கிலோ ஆனது என்று பலர் கேட்கிறார்கள். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. அதற்கு மேல் போனால் அந்த வரி இல்லை, ஆகவே ஆலைகள் ஒரு கிலோ கூட்டிக் கட்டின. எனவே மூட்டை விலையை மூட்டை விலையோடு ஒப்பிடாமல் கிலோவுக்கு வகுத்துப் பாருங்கள். 25 கிலோ 1,450 ரூபாய் என்றால் கிலோ 58. 26 கிலோ 1,495 என்றால் 57.50. பார்வைக்கு 45 ரூபாய் கூடுதலாகத் தெரிவதுதான் மலிவு.

எண்ணெயிலும் இதே கண்கட்டு. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். செக்கில் லிட்டர் 300 ரூபாய் என்றும் இன்னொரு கடையில் கிலோ 320 ரூபாய் என்றும் சொன்னால் முதலாவது மலிவு என்று தோன்றும். லிட்டர் 300 என்பது கிலோவுக்கு ஏறக்குறைய 330.

பெரிய மார்க்கெட்டைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. காய், கீரை, வெங்காயம், தேங்காய், பூ, மீன் எல்லாம் அங்கேதான். நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையில் வண்டி நிறுத்த இடம் தேடுவதே பாதி வேலை, காலையிலேயே போய்விடுவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி முழுவதும் சந்தைக் கடைகள் விரிந்துவிடும், அன்று மூட்டையோடு வெளியே வருவது சிரமம். மின்தராசு ஆண்டுக்கொரு முறை முத்திரை பெற வேண்டும், அதைப் பார்ப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். தட்டு காலியாக இருக்கும்போது சைபர் காட்டுகிறதா என்று பாருங்கள், அது போதும். மார்க்கெட்டில் பில் கிடையாது, மாற்றுவதும் கிடையாது. வாங்கும்போது பொறுக்கி எடுப்பது ஒன்றே உத்தரவாதம்.

கடற்கரை ஊர் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரமாக இருக்கும். வெல்லம் கசியும், அப்பளம் நமத்துப் போகும், ரவையில் வண்டு வைக்கும். ஸ்டோர் சலுகைக்காக மூன்று மாத ரவையை அந்தச் சமயத்தில் வாங்கி வைப்பது பணத்தைக் குப்பையில் போடுவது. மிளகாய், மல்லி அரைப்பவர்கள் புரட்டாசிக்குள் காயவைத்து மில்லுக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

குறை வந்தால் மூன்று இடத்திலும் உங்கள் நிலை வேறு வேறு, ஸ்டோரின் பில் இங்கே கைகொடுக்கிறது. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று அச்சடித்திருந்தாலும் குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், அதைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படியே. கைபேசி எண் கொடுத்தால்தான் பில் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என 2023இல் மத்திய நுகர்வோர் துறை அறிவுறுத்தியது. கடையின் பெயர் அச்சிட்ட பைக்குத் தனியாகக் காசு வாங்கியது தவறு என்று நுகர்வோர் ஆணையங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன. ஆனாலும் வீட்டிலிருந்து துணிப்பை கொண்டுபோங்கள். முதலில் கடை மேலாளரிடம் சொல்லுங்கள், நடக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். பில்லை அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். அந்த வழவழப்பான தாளில் எழுத்து சில மாதத்திலேயே வெளுத்துவிடும், அலமாரியின் வெக்கையில் இன்னும் சீக்கிரம்.