உயிர்வாழ் சான்று: வங்கி வரிசையா, தபால்காரரா, கைப்பேசியா?

என் அம்மாவுக்கு இரண்டு ஓய்வூதியங்கள். தபால் துறையில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்ததற்கு ஒன்று. ரயில்வேயில் இருந்த அப்பா காலமான பிறகு வரும் குடும்ப ஓய்வூதியம் மற்றொன்று. இரண்டும் ஒரே வங்கி வழியாகத்தான் வருகின்றன. அம்மாவுக்கு இப்போது வயது 84. மாதாமாதம் பணம் தவறாமல் வந்துவிடும், ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை தான் உயிரோடு இருப்பதை அவர் அரசுக்கு நிரூபிக்க வேண்டும். நவம்பர் 30-க்குள் சான்று போய்ச் சேராவிட்டால் டிசம்பர் ஓய்வூதியம் நின்றுவிடும். பிறகு சான்று கொடுத்தால் நிலுவையோடு சேர்த்துத் தந்துவிடுவார்கள் என்றாலும், மாத்திரைக் கடைக்காரரிடம் நிலுவைக் கணக்கு செல்லாது.

இதுவரை மூன்று வழிகளிலும் சான்று கொடுத்துப் பார்த்துவிட்டோம். இப்போது கைப்பேசியில் முகத்தைக் காட்டிச் சான்று கொடுக்கும் வழியில் நின்றுவிட்டோம். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வங்கிக்கு நேரில் போவதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. நவம்பர் முதல் வாரத்தில் ஓய்வூதியம் வழங்கும் ஏதாவது ஒரு வங்கிக் கிளையின் வாசலில் கால் மணி நேரம் நின்று பார்த்தால் போதும். ஓய்வூதியம் தரும் வங்கியின் எந்தக் கிளையிலும் கொடுக்கலாம் என்பது விதி. ஆகவே கணக்கு இருக்கும் கிளைக்கே அலைய வேண்டியதில்லை. இந்த வழிக்கு ஒரே ஒரு பலம் உண்டு, ஆனால் பெரிய பலம்: கையெழுத்திட்ட ஒப்புகைச் சீட்டு. ஓர் ஆண்டு நாங்கள் கொடுத்த படிவத்தை ஒரு கிளையில் வாங்கி வைத்துக்கொண்டார்களே தவிர, கணினியில் பதியவில்லை. டிசம்பரில் பணம் நின்றது. சீட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்த பிறகுதான் பேச்சு நகர்ந்தது. சீட்டு கேட்காமல் திரும்பி வருபவர்களை இன்றும் பார்க்கிறேன்.

அடுத்தது தபால்காரர். தபால் துறையின் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி 2020 முதல் இந்தச் சேவையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்திருக்கிறது. கட்டணம் வரியுடன் 70 ரூபாய். அந்த வங்கியில் கணக்கு இருக்க வேண்டும் என்பதில்லை. ஓய்வூதியம் எந்த வங்கியில் வந்தாலும் செய்து தருவார்கள். எங்கள் பகுதித் தபால்காரர் அம்மாவைப் பழைய உத்தியோகஸ்தர் என்ற மரியாதையோடு நடத்தினார். சிக்கல் அம்மாவின் விரல்களில் இருந்தது. அறுபது ஆண்டுகள் பாத்திரம் தேய்த்த கையில் ரேகை எங்கே மிச்சம் இருக்கும்? கட்டைவிரல், ஆள்காட்டி விரல், ஈரத்துணியால் துடைத்து மறுபடியும் கட்டைவிரல் என்று சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் இடது கை மோதிர விரலைத்தான் கருவி ஏற்றுக்கொண்டது. அவர் பொறுமையாக இருந்தார். அம்மாதான், தான் இருப்பதையே ஒரு பெட்டி நம்பமாட்டேன் என்கிறதே என்று நொந்துபோனார்.

ஆதாரைக் கொண்டு மின்னணு உயிர்வாழ் சான்று தரும் மத்திய அரசின் ஜீவன் பிரமான் திட்டம் 2014 நவம்பரில் தொடங்கியபோது விரல் ரேகையும் கருவிழியும்தான் அடையாளம். முகத்தைக் கொண்டே சான்று கொடுக்கும் வசதி 2021 நவம்பரில் வந்தது. ரேகை தேய்ந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. தனியாகக் கருவி எதுவும் வாங்க வேண்டாம், சாதாரண ஆண்ட்ராய்டு கைப்பேசி போதும். இரண்டு செயலிகளை நிறுவ வேண்டும்: ஒன்று ஜீவன் பிரமான், மற்றொன்று முகத்தைச் சரிபார்க்கும் ஆதார் ஃபேஸ் ஆர்.டி. இரண்டாவது செயலியை நிறுவிய பிறகும் அதன் சின்னம் திரையில் தோன்றாது. அது பின்னணியில் மட்டுமே இயங்குவது. இது தெரியாமல் முதல் நாள் அதை மூன்று முறை நீக்கி மூன்று முறை நிறுவினேன்.

முதலில் செயலியை இயக்குபவர் தன் ஆதார் எண்ணையும் முகத்தையும் காட்டிப் பதிய வேண்டும். எங்கள் வீட்டில் அது நான். ஓய்வூதியர் தாமே இயக்குபவராகவும் இருக்கலாம். பிறகு அம்மாவின் விவரங்கள், கைப்பேசி எண்ணுக்கு வரும் கடவு எண், கடைசியில் அவர் முகம். வெளிச்சம் முகத்தின் மேல் விழ வேண்டும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகம் இருண்டுவிடும். கண்ணைச் சிமிட்டச் சொல்லும். அம்மா புகைப்படம் எடுப்பதாக நினைத்துச் சிமிட்டாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். சிமிட்டியதும் முடிந்தது. இடையில், மறுமணம் செய்துகொண்டீர்களா என்று ஒரு கேள்வி. குடும்ப ஓய்வூதிய விதிக்காகக் கேட்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். 84 வயதில் அதற்கு ‘இல்லை’ என்று பதில் சொல்ல அம்மா சிரித்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதுவரை சொன்ன வசதி, செலவு, நேரம் எல்லாம் எவருக்கும் தெரிந்தவை. அவற்றை மட்டும் வைத்து நான் முடிவெடுக்கவில்லை. சான்று தயாராவது வேறு, அது உரிய இடத்தில் ஏற்கப்படுவது வேறு. மூன்று வழிகளையும் இந்த ஓர் உரைகல்லில் தேய்த்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது என் சொந்தத் தவறுதான்.

கைப்பேசியில் செய்த முதல் ஆண்டு, அம்மாவின் தபால் துறை ஓய்வூதியத்துக்கான விவரங்களைப் பதிந்தேன். பிரமான் எண்ணுடன், அதாவது அந்தச் சான்றின் அடையாள எண்ணுடன், குறுஞ்செய்தி வந்தது. அம்மா உயிரோடு இருப்பது உறுதியாகிவிட்டது, ஆதார் எண்ணும் ஒன்றுதான், வங்கியும் ஒன்றுதான். பிறகென்ன என்று இருந்துவிட்டேன். டிசம்பர் கடைசியில் ஓர் ஓய்வூதியம்தான் வந்தது. சான்று ஆளுக்கு ஒன்று அல்ல, ஓய்வூதியக் கொடுப்பாணை எண்ணுக்கு ஒன்று. பி.பி.ஓ. எண் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதுதான். அம்மாவுக்கு அது இரண்டு. தபால் துறையைப் பொறுத்தவரை அம்மா உயிரோடு இருந்தார். ரயில்வேயின் கணக்கில் இல்லை.

அன்று முதல் அந்தப் படிவத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் சந்தேகத்தோடு பார்க்கிறேன். மூன்று இடங்களில் கை தவறும். பி.பி.ஓ. எண்ணில் ஓர் இலக்கம் மாறலாம். ஓய்வூதியத்தை அனுமதித்த துறையைத் தேர்ந்தெடுக்கும்போது பிசகலாம். பணம் வழங்கும் முகமை என்ற பட்டியலில் ஒத்த பெயருள்ள வேறொன்றைத் தொட்டுவிடலாம். மூன்றில் எது தவறினாலும், முகம் சரியாக இருந்தால் பிரமான் எண் வந்துவிடும். சான்று மட்டும் அநாதையாக எங்கோ கிடக்கும், அல்லது வங்கி அதை நிராகரிக்கும். பழைய சான்றைத் திருத்த முடியாது. சரியான விவரங்களோடு புதிதாக ஒன்றை எடுக்க வேண்டும்.

கைப்பேசி வழி மற்ற இரண்டையும் முந்துவது இந்த இடத்தில்தான். தட்டச்சு செய்வது என் விரல், எதிரே திறந்திருப்பது கொடுப்பாணைப் புத்தகத்தின் முதல் பக்கம். பிழை தெரிந்தால் அதே இரவு, அதே நாற்காலியில் அம்மாவை மறுபடியும் உட்காரவைத்து, செலவில்லாமல் இன்னொரு சான்று எடுக்கலாம். பிரமான் எண்ணைக் கொண்டு இணையதளத்திலிருந்து சான்றை இறக்கி, அச்சிட்டு, எழுத்தெழுத்தாக ஒப்பிடலாம். தபால்காரரிடமோ வங்கியிலோ விவரங்களைப் பதிபவர் வேறொருவர்; அவருக்குப் பின்னால் இன்னும் இருபது பேர் காத்திருப்பார்கள். அவர்களிடம் போகும்போதும் அனுப்புவதற்கு முன் திரையை ஒருமுறை காட்டச் சொல்லலாம். மறுத்தவரை நான் பார்த்ததில்லை. ஆனால் கேட்பதற்குத் தயங்குகிறோம்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 80 வயது நிரம்பிய மத்திய அரசு ஓய்வூதியர்கள் அக்டோபர் 1 முதலே சான்று கொடுக்கலாம். அது அடுத்த ஆண்டு நவம்பர் 30 வரை செல்லும். கூட்டம் குறையும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அக்டோபர் முதல் வாரத்தில் கொடுத்தால், தவறியிருந்தால் கண்டுபிடிக்க முழுதாக ஏழு வாரங்கள் கையில் இருக்கின்றன. நான் இப்போது இரண்டு சான்றுகளையும் அக்டோபரில் எடுத்து, பத்து நாள் கழித்து வங்கிக்குப் போய் இரண்டும் பதிவாகியிருக்கின்றனவா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன். வீட்டிலிருந்தே எல்லாம் முடியும் என்று சொல்லிவிட்டு வங்கிக்கு நடக்கிறாயே என்று என் தங்கை கேலி செய்கிறாள். நான் தனியாகப் போகிறேன், அம்மா வர வேண்டியதில்லை. எனக்கு அது பெரிய வித்தியாசம்.

மற்ற ஓய்வூதியர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களுக்கு இது ‘நேர்காணல்’. அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில் செய்ய வேண்டும் என்று ஆகியிருக்கிறது. வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியம் வாங்கும் என் மாமனாருக்கு நவம்பர் என்ற கெடுவே இல்லை. கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும் என்பதால், அவர் தன் பிறந்தநாளில் கொடுத்துவிடுகிறார். இந்த இரண்டிலும் நான் பார்த்தது ஓரிரு சான்றுகள்தான்.

மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் என் அனுபவம் இன்னும் மெலிது. எதிர்வீட்டில் மனவளர்ச்சி குன்றிய மகன் தந்தையின் குடும்ப ஓய்வூதியத்தைப் பெறுகிறார். அவரைக் கேமராவின் வட்டத்துக்குள் அசையாமல் இருக்கவைத்துச் சிமிட்டச் செய்ய அவர் அக்காவும் நானும் முயன்று தோற்றோம். தபால்காரர் வந்து விரல் ரேகையில் ஒரே முயற்சியில் முடித்தார். 70 ரூபாய் அங்கே மலிவு. கண் திறக்க முடியாமல் படுக்கையில் இருப்பவர்களுக்கும் முக வழி பொருந்தாது என்றே நினைக்கிறேன். அதோடு, இந்தக் கைப்பேசிச் சான்று உயிரோடு இருப்பதை மட்டுமே சொல்கிறது. குறைபாடு நிரந்தரமானது என்றால் மருத்துவச் சான்று ஒருமுறை போதும்; தற்காலிகம் என்றால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தனியாகக் கொடுக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, முகத்தைக் காட்டியாயிற்று, எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது.

பாரத ஸ்டேட் வங்கி 2021-இல் காணொளி அழைப்பிலேயே சான்று கொடுக்கும் வசதியைத் தொடங்கியது. அதை நான் செய்து பார்க்கவில்லை, ஆகவே ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. கைப்பேசி வழிக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை மட்டும்: சான்றைப் புதுப்பித்துத் தருகிறோம், கடவு எண்ணைச் சொல்லுங்கள் என்று தாமாக அழைப்பவர்கள் மோசடிக்காரர்கள். அம்மாவுக்கு அப்படி ஓர் அழைப்பு வந்தபோது, தபால் நிலையத்து மேசைக் குரலில் பெயரும் பதவியும் கேட்டிருக்கிறார். மறுமுனையில் வைத்துவிட்டார்கள்.

இந்த அக்டோபருக்கான ஏற்பாடு முடிந்துவிட்டது. பழைய நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பி.பி.ஓ. எண்களையும் எழுதி, எதிரே அந்தந்த ஆண்டின் பிரமான் எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறேன். அது ஒவ்வொரு முறையும் மாறும். அம்மா அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, ரயில்வே எண்ணுக்கு நேரே அப்பாவின் பெயரைத் தன் கையால் எழுதினார்.