மட்டக்களப்பில் கண்ணாடி எடுக்கப் போகிறவர்கள் கவனம்: "முகத்துக்குப் பொருத்தம்" என்று எங்கள் தலையில் கட்டிய பிரேம்

மகளுக்குக் கண்ணாடி மாற்றப் போய் 32,000 ரூபா போனது. கூடவே தலையிடியும் வந்து சேர்ந்தது. மட்டக்களப்பு நகரத்துக்குள் இருக்கிற கடைதான். முறைப்பாடு கொடுத்திருப்பதால் இப்போதைக்குப் பெயர் போடவில்லை. ஆனால் படிக்கிற பிள்ளைகளுக்குக் கண்ணாடி எடுக்கப் போகிற தாய் தகப்பன் இதை ஒருக்கா வாசித்துவிட்டுப் போங்கள்.

மகள் உயர்தரம் படிக்கிறாள், பவர் மைனஸ் 4.50. கண் டொக்டர் எழுதித் தந்த துண்டில் இரண்டு கண்மணிக்கும் இடையிலான தூரம் 60 மில்லிமீற்றர் என்று தெளிவாகக் கிடந்தது. கடையில் அந்தத் துண்டில் பவரை மட்டும் பார்த்தார்கள். பிறகு பிள்ளையின் முகத்தைப் படம் எடுத்து, "தங்கச்சிக்கு வட்ட முகம், பெரிய சதுரப் பிரேம்தான் அந்த மாதிரி இருக்கும்" என்று ஒன்றை எடுத்து மாட்டிவிட்டார் அங்கே நின்ற தம்பி. சின்னப் பிரேம் ஒன்றை நான் கேட்டதற்கு, "அது பழைய ஸ்டைல் அக்கா" என்றார். மகளுக்கும் கண்ணாடியில் பார்க்கப் பிடித்துவிட்டது. ஒருவரும் அடிமட்டம் எடுத்து அளக்கவில்லை. ஒரு நீல லைட்டை லென்சில் அடித்துக் காட்டி, "போன் பார்க்கிற புள்ளைக்கு புளூ கட் கட்டாயம்" என்று அதற்கும் தனிக் காசு எடுத்தார்கள். நீல ஒளியைக் குறைக்கிற இந்தப் புளூ கட் லென்ஸ் கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடுகிற கொக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு 2023இல் சொல்லியிருக்கிறது. அதை நான் பிறகுதான் அறிந்தேன்.

கண்ணாடி போட்ட அன்றிலிருந்து பிள்ளைக்குத் தலையிடி. புத்தகம் விரித்துக் கொஞ்ச நேரத்தில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். கடைக்குப் போனால், "போடப் போடப் பழகிடும் அக்கா." புதுக் கண்ணாடி பழகச் சில நாள் எடுக்கும், சிலருக்கு இரண்டு வாரம் வரையும் போகலாம், அது உண்மைதான். அதற்கு மேலும் தலையிடி போகாவிட்டால் கண்ணாடியைச் சோதித்துப் பார்க்க வேண்டும். மறுகா போய்க் கேட்டபோது, "பிரேமை நீங்கதானே தெரிவு செய்த" என்று பேச்சு மாறிவிட்டது.

கல்முனையில் இந்தத் தொழிலில் பழுத்த ஒருவரிடம் கொண்டு போனோம். பவர் பார்க்கிற மெஷினில் கண்ணாடியை வைத்து, ஒவ்வொரு லென்சின் மையத்திலும் மையால் புள்ளி குத்தினார். பிறகு இரண்டு புள்ளிக்கும் நடுவில் அடிமட்டத்தை வைத்துக் காட்டினார். 72 மில்லிமீற்றர். அதோடு பிரேமின் காதுக் கம்பியின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். 54, ஒரு சின்னச் சதுரம், 18, 140 என்று அச்சடித்திருக்கிறது. 54 லென்சின் அகலம், 18 மூக்குப் பாலம், 140 கம்பியின் நீளம், எல்லாம் மில்லிமீற்றரில். ஐம்பத்துநாலும் பதினெட்டும் எழுபத்திரண்டு.

"இது புள்ளைர கண்ணுக்கு வெட்டின லென்ஸ் இல்ல தங்கச்சி, பிரேமுக்கு வெட்டினது" என்றார்.

அதாவது லென்சின் மையம் கண்மணிக்கு நேரே வர வேண்டும். பிரேம் அகலமாக இருந்தால், லென்சை மூக்குப் பக்கம் நகர்த்தி வைத்து வெட்ட வேண்டும். மகளின் கணக்குக்கு 72இல் 60 போக மிச்சம் 12, அதில் பாதி, ஒவ்வொரு பக்கமும் 6 மில்லிமீற்றர். அப்படி நகர்த்தினால் சாதாரண அளவு வட்ட லென்ஸ் இந்தப் பெரிய பிரேமை மூடாது, விட்டம் கூடின லென்ஸ் எடுக்க வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கப் பிரேமின் நடுவிலேயே வைத்து வெட்டிவிட்டார்கள் என்பதுதான் அவருடைய கணிப்பு. மையம் விலகிய லென்ஸ் அரியம் (பிரிசம்) போல ஒளியை ஒரு பக்கம் திருப்பிவிடும். விலகலைச் சென்ரிமீற்றரில் எடுத்துப் பவரால் பெருக்கினால் அளவு வரும்: 0.6 தர 4.5, ஒரு கண்ணுக்கு 2.7 பிரிசம் டையொப்டர் (அந்தத் திருப்பலை அளக்கிற அலகு). இரண்டு கண்ணும் அதைச் சரிக்கட்ட நாள் முழுக்க வெளிப்பக்கம் இழுபட்டிருக்கிறது. படிக்கிற பிள்ளைக்கு இதைச் செய்துவிட்டு "பழகிடும்" என்று சொல்ல எப்படி மனம் வந்ததோ தெரியாது.

வட்ட முகம், சதுர முகம் பார்ப்பது பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது கடைசியாகப் பார்க்க வேண்டியது. முதலில் லென்ஸ் அகலத்தையும் பாலத்தையும் கூட்டிப் பாருங்கள், கண்மணித் தூரத்துக்குக் கிட்டவாக வருகிற பிரேம்தான் பொருத்தம். கண் லென்சின் நடுவில் தெரிந்தால் முகத்துக்கும் அது தானாக அழகாகத்தான் இருக்கும். மைனஸ் பவர் கூடினவர்களுக்கு இன்னொன்று: பிரேம் பெருக்கப் பெருக்க லென்சின் ஓரம் தடிக்கும். மூக்கின் மேற்பகுதி பதிவாக இருந்தால், வளைத்துச் சரிசெய்யக்கூடிய மூக்குப் பேட் உள்ள பிரேம் எடுங்கள். இல்லாவிட்டால் எங்கள் ஊர் வெயிலில் வியர்த்து வழுக்கிக்கொண்டே இருக்கும். போட்டுக்கொண்டு நன்றாகச் சிரித்தும் பாருங்கள், கன்னம் பிரேமைத் தூக்கினால் அது வேண்டாம்.

எங்களுடைய பில்லில் "பிரேம், லென்ஸ்" என்று மொத்தத் தொகை மட்டும்தான். லென்சின் வகை, புளூ கட், ஒன்றும் எழுதவில்லை. காசு கட்ட முதல் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது, முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

முறைப்பாடு போனது தெரிந்ததும் கடையிலிருந்து கோல் எடுத்து, "கண்ணாடியைக் கொண்டு வாங்க, திரும்ப வெட்டித் தாறம்" என்றார்கள். வெட்டின லென்சின் மையத்தை நகர்த்த ஏலாது, புது லென்ஸ்தான் போட வேண்டும். அதனால் நாங்கள் கொடுக்கவில்லை. உங்களுக்கும் இப்படி நடந்தால் பில், டொக்டரின் துண்டு, அந்தக் கண்ணாடி மூன்றையும் கையில் வைத்திருங்கள். கண்ணாடியைக் கொடுத்துவிட்டால் அளந்து காட்ட ஒன்றும் இருக்காது.